பழைய வீடியோ விளையாட்டுகளும் பதிப்புரிமையும்

பாடம்: தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் சமூகமும்
தலைப்பு: பழைய ஆர்கேட், கொன்சோல் விளையாட்டுகளைப் புதிய கணினியில் சட்டபூர்வமாக விளையாடுதல்

அறிமுகம்

மாணவர்களே, யப்பானின் நம்கோ நிறுவனம் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட பக்மான் என்னும் விளையாட்டை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மஞ்சள் நிற உருவம் ஒன்று புதிர்வழியில் ஓடிப் புள்ளிகளை விழுங்கும். நான்கு பேய்கள் அதனைத் துரத்தும். இவ்விளையாட்டு அமைந்திருந்த இயந்திரம் ஓர் அலுமாரியளவு பெரியது. அதனுள் இருந்த செய்நிரலோ 16 கிலோபைற்று மாத்திரமே. உங்கள் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியது.

ஆகவே இத்தகைய விளையாட்டை இன்றைய கணினியில் ஓடச் செய்வது கடினமன்று. கடினமானது வேறொன்று. அச்செய்நிரலை எங்கிருந்து, யாருடைய அனுமதியுடன் பெறுகின்றீர்கள் என்பதே அது. இணையத்தில் தேடினால் ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகள் ஒரு சொடுக்கில் கிடைக்கின்றன. அவற்றுள் சட்டபூர்வமானவை எவை, அல்லாதவை எவை என்பதைப் பிரித்தறியும் முறையை இப்பாடம் விளக்குகின்றது.

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்
- எமியூலேற்றர் என்பதை வரையறுத்து அது தொழிற்படும் முறையை விளக்குவீர்கள்.
- எமியூலேற்றரும் விளையாட்டுச் செய்நிரலும் இரு வேறு படைப்புகள் என்பதைக் காரணங்காட்டி நிறுவுவீர்கள்.
- பழைய விளையாட்டுகளைச் சட்டபூர்வமாகப் பெறும் வழிகளைப் பட்டியலிடுவீர்கள்.
- டிஜிட்டல் படைப்புகளைப் பாதுகாப்பதில் உள்ள பிரச்சினையை விவாதிப்பீர்கள்.

1. பழைய விளையாட்டு இயந்திரங்களின் அமைப்பு

ஆர்கேட் இயந்திரம் என்பது பொது இடங்களில் வைக்கப்பட்டு, நாணயமிட்டு விளையாடப்படும் இயந்திரமாகும். கொன்சோல் என்பது வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடப்படும் கருவியாகும். அநேகமான பழைய கொன்சோல்களில் விளையாட்டு, காட்ரிஜ் எனப்படும் சிறு பெட்டியினுள் இருந்தது. அதனைக் கொன்சோலின் மேற்புறத் துளையிற் செருகி விளையாடினர்.

இவ்விரண்டினதும் உள்ளமைப்பு நீங்கள் கற்ற கணினியின் அமைப்பை ஒத்ததே. மத்திய செயற்பாட்டு அலகு, தற்போக்குப் பெறுவழி நினைவகம், வாசிப்பு மாத்திர நினைவகம் ஆகியன அவற்றில் இருந்தன. விளையாட்டுச் செய்நிரல் வாசிப்பு மாத்திர நினைவகச் சில்லுகளில் எழுதப்பட்டிருந்தது. அச்சில்லுகளின் உள்ளடக்கத்தைப் பிரதி செய்து பெறப்படும் கோப்பே இன்று “ரொம் கோப்பு” என அழைக்கப்படுகின்றது.

சில உதாரணங்கள்:
- 1977: அட்டாரி 2600 கொன்சோல். இதன் தற்போக்குப் பெறுவழி நினைவகம் 128 பைற்று மாத்திரமே.
- 1978: ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆர்கேட் விளையாட்டு, டைட்டோ நிறுவனம். இன்டெல் 8080 நுண்செயலி.
- 1980: பக்மான் ஆர்கேட் விளையாட்டு. சைலொக் இசட்80 நுண்செயலி, ஏறத்தாழ 3 மெகாஹேட்ஸ்.
- 1983: நிண்டெண்டோவின் பமிகொம் கொன்சோல். நினைவகம் 2 கிலோபைற்று. 1985 இல் இதற்கென வந்த சுப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் அளவு 40 கிலோபைற்று.
- 1988: சேகா மெகா டிரைவ் கொன்சோல். மோட்டோரோலா 68000 நுண்செயலி.

கவனிக்க: 1972 இல் அட்டாரி வெளியிட்ட பொங் என்னும் ஆர்கேட் விளையாட்டில் நுண்செயலியும் இல்லை, செய்நிரலும் இல்லை. தர்க்கப் படலைகளைக் கொண்ட சுற்றே அவ்விளையாட்டை முழுமையாக நடத்தியது. எனவே பொங்கிற்கு ரொம் கோப்பு என ஒன்று இருக்க முடியாது. அதனை மீள உருவாக்க வேண்டுமாயின் சுற்றையே பாவனை செய்ய வேண்டும்.

2. பழைய செய்நிரலைப் புதிய கணினியில் ஓடச் செய்யும் முறைகள்

ஒவ்வொரு நுண்செயலியும் தனக்குரிய அறிவுறுத்தற் தொகுதியை மாத்திரமே விளங்கிக்கொள்ளும். இசட்80 நுண்செயலிக்கென எழுதப்பட்ட பொறிமொழிச் செய்நிரலை இன்றைய மடிக்கணினியின் செயலி விளங்கிக்கொள்ளாது. யப்பானிய மொழியில் எழுதிய கடிதத்தைத் தமிழ் மாத்திரம் அறிந்தவரிடம் கொடுத்தாற் போன்றதே இது. இத்தடையைக் கடக்க நான்கு முறைகள் உள்ளன.

(அ) மூல வன்பொருளைப் பயன்படுத்தல்
பழைய கொன்சோலையும் காட்ரிஜையும் அவ்வாறே பயன்படுத்தல். இதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆயினும் பழைய கருவிகளின் கொள்ளளவிகள் காலப்போக்கிற் பழுதடையும். காட்ரிஜில் பதிவுகளைச் சேமிக்க உதவிய மின்கலம் தீர்ந்துபோகும்.

(ஆ) பெயர்த்தெழுதல்
விளையாட்டைப் புதிய கணினிக்கென மீண்டும் எழுதுதல். இது கடிதத்தை முழுமையாக மொழிபெயர்த்துப் புதிய தாளில் எழுதுவதற்கு ஒப்பானது. படங்கள், ஒலி, வேகம் என்பன மூலத்திலிருந்து சற்று மாறுபடலாம்.

(இ) எமியூலேற்றர்
ஒரு கணினி முறைமையின் தொழிற்பாட்டை வேறொரு கணினி முறைமையில் மென்பொருள் மூலம் அவ்வாறே நிகழ்த்திக் காட்டும் செய்நிரல் எமியூலேற்றர் எனப்படும். இது கடிதத்தை வரிக்கு வரி வாசித்துச் சொல்லும் உரைபெயர்ப்பாளரை ஒத்தது. மூலச் செய்நிரலில் எதுவும் மாற்றப்படுவதில்லை. அதன் ஒவ்வோர் அறிவுறுத்தலும் வாசிக்கப்பட்டு, புதிய செயலியின் அறிவுறுத்தல்களாக நிறைவேற்றப்படுகின்றது.

(ஈ) மீள்நிரற்படுத்தக்கூடிய சில்லு
உட்சுற்றையே வேண்டியவாறு அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு ஒன்றினுள் பழைய கொன்சோலின் சுற்றைப் பிரதிபண்ணல். அனலொக் நிறுவனத்தின் கருவிகளும் மிஸ்டர் எனப்படும் திறந்த மூலச் செயற்றிட்டமும் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

உதாரணம்: பக்மானின் 256 ஆம் கட்டம்
பக்மானில் கட்டங்களை எண்ணும் இலக்கம் 8 பிற்றில் சேமிக்கப்பட்டது. 8 பிற்றில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 255 ஆகும் என்பதைத் துவித எண்கள் பற்றிய பாடத்திற் கற்றுள்ளீர்கள். 256 ஆம் கட்டத்தில் இவ்வெண்ணுடன் ஒன்று கூட்டப்படும்போது அது 0 ஆகிவிடுகின்றது. இதனாற் பழங்களை வரையும் துணைநிரல் 256 பழங்களை வரைய முயல்கின்றது. திரையின் வலப்பாதி எழுத்துகளாலும் குறிகளாலும் குழம்பிவிடும். அக்கட்டத்தை முடிக்கவும் முடியாது. திருத்தமான எமியூலேற்றர் ஒன்றில் 256 ஆம் கட்டத்தை அடைந்தால் இதே குழப்பம் தோன்றும். காரணம், அங்கு ஓடுவது 1980 இல் எழுதப்பட்ட அதே செய்நிரலாகும். பெயர்த்தெழுதிய வடிவத்திலோ இவ்வழு திருத்தப்பட்டிருக்கலாம். எமியூலேற்றருக்கும் பெயர்த்தெழுதலுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கும் சிறந்த உதாரணம் இதுவாகும்.

3. எமியூலேற்றர் வேறு, விளையாட்டு வேறு

இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே. எமியூலேற்றர் ஒருவரின் படைப்பு. அதில் ஓடும் விளையாட்டு வேறொருவரின் படைப்பு. ஒன்று சட்டபூர்வமானது என்பதால் மற்றையதும் சட்டபூர்வமானது ஆகிவிடாது. பின்வரும் மூன்று வழக்குகளும் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றவை.

வழக்கு 1: சொனி எதிர் கொனெக்டிக்ஸ் (2000)
கொனெக்டிக்ஸ் நிறுவனம் சொனியின் பிளேஸ்டேசன் விளையாட்டுகளை அப்பிள் மக் கணினியில் ஓடச் செய்யும் எமியூலேற்றரை 1999 இல் வெளியிட்டது. அதனை உருவாக்கும்போது சொனியின் பயோஸ் எனப்படும் அடிப்படைச் செய்நிரலை ஆய்வுக்காகப் பிரதி செய்தது. எனினும் இறுதியில் விற்கப்பட்ட மென்பொருளில் சொனியின் நிரல் எதுவும் இருக்கவில்லை. இவ்வாறு ஆய்வுக்காகப் பிரதி செய்தது நியாயமான பாவனையே என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னோக்குப் பொறியியல் மூலம் சுயமாக எழுதப்பட்ட எமியூலேற்றர் சட்டவிரோதமானதல்ல என்பதற்கு இத்தீர்ப்பு ஆதாரமாகக் காட்டப்படுகின்றது.

வழக்கு 2: நிண்டெண்டோ எதிர் லவ்ரொம்ஸ் (2018)
இவ்விணையத்தளம் நிண்டெண்டோவின் விளையாட்டுகளின் ரொம் கோப்புகளை அனுமதியின்றி வழங்கியது. வழக்கு 1 கோடியே 20 இலட்சம் டொலரை விஞ்சிய தொகைக்கான தீர்ப்புடன் முடிவுற்றது, தளமும் மூடப்பட்டது. இங்கு பிரச்சினைக்குரியது விளையாட்டுகளின் பிரதிகளை விநியோகித்தமையாகும்.

வழக்கு 3: நிண்டெண்டோ எதிர் டிரொபிக் ஹேஸ் (2024)
யூசு என்னும் எமியூலேற்றர், அப்போது விற்பனையில் இருந்த நிண்டெண்டோ சுவிட்ச் கொன்சோலின் விளையாட்டுகளை ஓடச் செய்தது. அவ்விளையாட்டுகள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை. அப்பாதுகாப்பை மீறுவதற்கு யூசு வழிசெய்கின்றது என நிண்டெண்டோ முறையிட்டது. உருவாக்குநர்கள் 24 இலட்சம் டொலர் செலுத்த இணங்கி, யூசுவையும் கைவிட்டனர். இது இணக்கத்தில் முடிந்த வழக்கு. எமியூலேற்றர்கள் யாவும் சட்டவிரோதமானவை என இதில் எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை.

கவனிக்க: பிளேஸ்டேசன் போன்ற கொன்சோல்களில் பயோஸ் செய்நிரலுக்கும் தனியாகப் பதிப்புரிமை உண்டு. எனவே சில எமியூலேற்றர்களைப் பொறுத்தவரை எமியூலேற்றர், பயோஸ், விளையாட்டு என மூன்று படைப்புகளைப் பற்றியும் சிந்திக்க வேண்டும்.

4. பதிப்புரிமைச் சட்டம் கூறுவது

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரல்களைப் பதிப்புரிமை பெறும் படைப்புகளாக ஏற்கின்றது. படைப்பைப் பிரதி செய்தல், பொதுமக்களிடையே விநியோகித்தல் ஆகிய உரிமைகள் உரிமையாளருக்கே உரியன. இலங்கை பேர்ண் சமவாயத்தில் அங்கத்துவம் வகிப்பதால் வெளிநாட்டுப் படைப்புகளுக்கும் இங்கு பாதுகாப்பு உண்டு. ஆகவே “இது யப்பானிய விளையாட்டு, இங்கு அதன் சட்டம் செல்லாது” எனக் கூற முடியாது.

அதே சட்டம் பாவனையாளருக்கும் ஓர் உரிமையை வழங்குகின்றது. செய்நிரலொன்றின் சட்டபூர்வமான பிரதியை உடையவர், அது தொலைந்தால், அழிந்தால் அல்லது பயன்படாது போனால் பதிலீடாகப் பயன்படுத்துவதற்கென ஒரு பிரதியை எடுத்து வைக்கலாம். அப்பிரதியை வேறு நோக்கங்களுக்குப் பயன்படுத்தலாகாது. மூலப் பிரதியை வைத்திருக்கும் உரிமை அற்றுப்போனால் காப்புப் பிரதியையும் வைத்திருக்கலாகாது.

பாதுகாப்புக் காலம் எவ்வளவு? இலங்கையில் தனியொருவரின் படைப்புக்கு அவரது ஆயுட்காலமும் அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. யப்பானில் நிறுவனத்தின் பெயரில் வெளியான படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுகள். ஐக்கிய அமெரிக்காவில் ஊழியர்கள் நிறுவனத்துக்காக ஆக்கிய படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். இக்கணக்கின்படி 1980 இல் வெளியான பக்மான், யப்பானில் 2050 ஆம் ஆண்டு முடியும் வரையும் ஐக்கிய அமெரிக்காவில் 2075 ஆம் ஆண்டு முடியும் வரையும் பாதுகாப்புக்குரியது. விளையாட்டு எவ்வளவு பழையதாகத் தோன்றினும், பதிப்புரிமை நோக்கில் அது இன்னும் புதியதே.

உரிமையாளர் யார் என்பதும் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. 1981 இல் நிண்டெண்டோ வெளியிட்ட டொங்கி கொங் இதற்கு உதாரணமாகும். ஷிகெரு மியாமொடோ அதனை வடிவமைத்தார். செய்நிரலை எழுதியதோ இகெகாமி ட்சுஷின்கி என்னும் வேறொரு நிறுவனம். செய்நிரலின் உரிமை தொடர்பாக அந்நிறுவனம் 1983 இல் நிண்டெண்டோ மீது வழக்குத் தொடர்ந்தது. 1990 இல் இணக்கம் காணப்பட்டது. வீட்டுக் கொன்சோலுக்கான டொங்கி கொங் பல தடவைகள் மீள வெளியிடப்பட்டது. மூல ஆர்கேட் வடிவமோ 2018 இலேயே நிண்டெண்டோ சுவிட்சில் விற்பனைக்கு வந்தது. விளையாட்டை வடிவமைத்தவர், நிரலை எழுதியவர், வெளியிட்டவர் மூவரும் வெவ்வேறானவர்களாக இருக்கலாம் என்பதை நினைவிற் கொள்க.

5. சட்டபூர்வமான வழிகள்

(1) உரிமையாளர் விற்கும் தொகுப்புகள்
பழைய விளையாட்டுகளை நிறுவனங்கள் தொகுத்துப் புதிய கணினிகளுக்கும் கொன்சோல்களுக்கும் விற்கின்றன. 2022 இல் வெளிவந்த அட்டாரி 50 என்னும் தொகுப்பு விளையாட்டுகளுடன் அவற்றை ஆக்கியவர்களின் நேர்காணல்களையும் கொண்டுள்ளது.

(2) தனித்தனியாக விற்கப்படும் ஆர்கேட் விளையாட்டுகள்
யப்பானின் ஹாம்ஸ்டர் நிறுவனம் உரிமையாளர்களிடம் அனுமதி பெற்று, ஆர்கேட் ஆர்கைவ்ஸ் என்னும் பெயரில் 2014 முதல் பழைய ஆர்கேட் விளையாட்டுகளை விற்று வருகின்றது. மேலே குறிப்பிட்ட டொங்கி கொங் இத்தொடரிலேயே வெளிவந்தது.

(3) சந்தாச் சேவைகள்
நிண்டெண்டோ சுவிட்ச் ஒன்லைன் சேவை 2018 இல் ஆரம்பமாகியது. சந்தா செலுத்துவோர் பழைய நிண்டெண்டோ விளையாட்டுகளை விளையாடலாம். சந்தா நின்றால் விளையாட்டும் நின்றுவிடும். இது வாங்குதல் அன்று, வாடகைக்கு எடுத்தலை ஒத்தது.

(4) சிறு கொன்சோல்களும் புதிய வன்பொருளும்
நிண்டெண்டோ 2016 இல் 30 விளையாட்டுகளை உள்ளடக்கிய சிறு கொன்சோல் ஒன்றை வெளியிட்டது. அதனுள்ளும் ஓர் எமியூலேற்றரே இயங்கியது. எமியூலேற்றர் தன்னளவிற் குற்றமான பொருளன்று என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2023 இல் வந்த அட்டாரி 2600+ என்னும் கருவி, 1977 ஆம் ஆண்டுக் கொன்சோலின் பழைய காட்ரிஜ்களை இன்றைய தொலைக்காட்சியில் விளையாட உதவுகின்றது. வீட்டில் காட்ரிஜ்கள் எஞ்சியிருப்பவருக்கு இது நேரடியான வழியாகும்.

(5) உரிமையாளரே இலவசமாக வழங்கியவை
மேம் என்பது ஆர்கேட் இயந்திரங்களுக்கான புகழ்பெற்ற எமியூலேற்றராகும். 1997 இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா இதனை ஆரம்பித்தார். 2016 இல் இது திறந்த மூல உரிமத்தின் கீழ் வந்தது. மேமின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில், உரிமையாளர்கள் அனுமதித்த சில ரொம் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ரொபி ரோட்டோ, கிரிட்லீ என்பன அவற்றுட் சில. வர்த்தக நோக்கமின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனையாகும். செலவின்றி ஆரம்பிக்க விரும்பும் மாணவருக்கு இதுவே மிக எளிய வழி.
கணினி விளையாட்டுகளிலும் இத்தகைய உதாரணங்கள் உண்டு. 1994 இல் வெளியான பெனீத் எ ஸ்டீல் ஸ்கை என்னும் விளையாட்டை அதன் உரிமையாளர் 2003 இல் இலவசமாக்கினார். ஸ்கம்விஎம் என்னும் இலவச மென்பொருள் மூலம் அதனை இன்றும் விளையாடலாம்.

(6) பழைய கொன்சோலுக்கெனப் புதிதாக எழுதப்படும் விளையாட்டுகள்
இன்றும் பலர் பழைய கொன்சோல்களுக்கு விளையாட்டுகளை எழுதுகின்றனர். 2019 இல் வெளிவந்த மைக்ரோ மேஜஸ் அத்தகையது. பமிகொம் குடும்பக் கொன்சோலுக்கென எழுதப்பட்ட இது, சுப்பர் மாரியோ பிரதர்ஸ் போன்றே 40 கிலோபைற்றுக்குள் அடங்கியது. ஆக்கியவரிடமிருந்தே ரொம் கோப்பை வாங்கி எமியூலேற்றரில் ஓடச் செய்யலாம்.

கைத்தொலைபேசிப் பாவனையாளர்களுக்கு: அப்பிள் நிறுவனம் 2024 ஏப்பிரலிலேயே தனது செயலிக் கடையில் பழைய விளையாட்டுகளுக்கான எமியூலேற்றர்களை அனுமதித்தது. ஆயினும் எமியூலேற்றர் செயலி மாத்திரமே அங்கு அனுமதி பெற்றது. அதில் எவ்விளையாட்டை ஓடச் செய்கின்றீர்கள் என்பதற்கு நீங்களே பொறுப்பு.

விளையாடும்போது கவனிக்க வேண்டியது: பழைய தொலைக்காட்சித் திரையின் அகல உயர விகிதம் 4:3 ஆகும். இன்றைய அகன்ற திரையில் படத்தை இழுத்து நிரப்பினால் உருவங்கள் பருத்துத் தோன்றும். எனவே அமைப்புகளில் 4:3 விகிதத்தைத் தெரிவு செய்க. பக்மான் போன்ற சில ஆர்கேட் விளையாட்டுகளின் திரை நிமிர்ந்தது. அவற்றுக்குப் பக்கங்களில் கறுப்பு வெளி விடப்படுவதே சரி.

6. பொதுவான தவறான கருத்துகள்

“24 மணி நேரத்துள் அழித்துவிட்டால் குற்றமில்லை.”
பிழை. இவ்வாறான விதி எதுவும் சட்டத்தில் இல்லை. அனுமதியற்ற பிரதி, எடுத்த கணத்திலேயே அனுமதியற்றதாகும்.

“இது இப்போது விற்பனையில் இல்லை, ஆகவே யாருக்கும் உரிமையில்லை.”
பிழை. விற்பனையை நிறுத்துவதாற் பதிப்புரிமை அழிவதில்லை. நிறுவனம் மூடப்பட்டாலும் உரிமை வேறொருவருக்குக் கைமாறியிருக்கும்.

“நான் பணம் வாங்கவில்லை, நண்பர்களுக்கு இலவசமாகவே கொடுத்தேன்.”
பிழை. இலவசமாகக் கொடுத்தாலும் அது விநியோகமே.

“என்னிடம் காட்ரிஜ் இருக்கின்றது, ஆகவே இணையத்திலிருந்து ரொம் கோப்பைப் பதிவிறக்கலாம்.”
இது கவனமாக விடையளிக்க வேண்டிய கூற்றாகும். உங்கள் சொந்தக் காட்ரிஜிலிருந்து வாசிப்புக் கருவி மூலம் நீங்களே காப்புப் பிரதி எடுப்பது ஒன்று. அனுமதியின்றி விநியோகிக்கும் தளத்திலிருந்து வேறொருவரின் பிரதியைப் பெறுவது இன்னொன்று. முன்னையதற்கு எமது சட்டம் மேற்கூறிய எல்லைக்குள் இடமளிக்கின்றது; அவ்வேற்பாடு பின்னையதற்குப் பொருந்தாது.

“எமியூலேற்றர் வைத்திருப்பதே குற்றம்.”
பிழை. பகுதி 3 இன் முதலாம் வழக்கையும் பகுதி 5 இல் உள்ள சிறு கொன்சோல் உதாரணத்தையும் பார்க்க.

சட்டத்துக்குப் புறம்பான தளங்களால் இன்னுமோர் ஆபத்தும் உண்டு. ரொம் கோப்பு எனக் கூறி நிறுவற் கோப்புகளைத் தருகின்ற தளங்கள் உள்ளன. 40 கிலோபைற்று விளையாட்டுக்கென நீங்கள் தேடிய கோப்பு பல மெகாபைற்று அளவுள்ள செயற்படு கோப்பாக வந்தால், அது விளையாட்டன்று எனச் சந்தேகிக்க வேண்டும்.

7. பாதுகாத்தற் பிரச்சினை

இதுவரை உரிமையாளரின் பக்கத்தைக் கற்றோம். மறுபக்கமும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 இற்கு முன்னர் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதமானவை விற்பனையில் இல்லை. நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்க விரும்புபவருக்கும் அவை கிடைப்பதில்லை.

டிஜிட்டல் கடைகளும் நிலையானவையல்ல. நிண்டெண்டோ 2006 இல் வீ கொன்சோலுடன் ஆரம்பித்த பழைய விளையாட்டுக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் கடைகள் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. சேகா தனது மெகா டிரைவ் விளையாட்டுத் தொகுப்பை 2024 டிசெம்பரில் விற்பனையிலிருந்து நீக்கியது. அதற்கு முன்னர் வாங்கியோர் அதனை வைத்திருக்கலாம். மற்றவர்கள் இனி வாங்க முடியாது.

நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து அணுகக் கொடுக்க அனுமதி கோரின. இக்கோரிக்கையை ஐக்கிய அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் நிராகரித்தது. புத்தகத்தையும் திரைப்படத்தையும் போன்றே விளையாட்டும் ஒரு காலத்தின் பண்பாட்டுப் பதிவாகும். எமியூலேற்றர்களை எழுதுவோர் பழைய வன்பொருளின் தொழிற்பாட்டை ஆவணப்படுத்தாவிடின், சில்லுகள் பழுதடையும்போது அவ்வறிவும் அழிந்துவிடும். உரிமையாளரின் உரிமைக்கும் சமூகத்தின் தேவைக்கும் இடையிலான இம்முரண்பாடு இன்னும் தீர்க்கப்படவில்லை. கட்டுரை வினாவில் இரு பக்கங்களையும் எழுதுவோரே முழுப் புள்ளிகளையும் பெறுவர்.

8. தொகுப்பு: விளையாடுமுன் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

(1) இங்கு எத்தனை படைப்புகள் உள்ளன? (எமியூலேற்றர், பயோஸ், விளையாட்டு)
(2) ஒவ்வொன்றினதும் உரிமையாளர் யார்?
(3) இப்பிரதி அவருடைய அனுமதியுடன் அல்லது சட்டம் தரும் அனுமதியுடன் என்னிடம் வந்ததா?

மூன்றாம் வினாவுக்கு ஒவ்வொரு படைப்பு தொடர்பிலும் “ஆம்” எனக் கூற முடியுமாயின் தயக்கமின்றி விளையாடலாம்.

மாதிரி வினாக்கள்

பகுதி I: சரியான விடையைத் தெரிவு செய்க.

1. எமியூலேற்றர் என்பது
(அ) விளையாட்டைப் புதிதாக எழுதுவது (ஆ) ஒரு முறைமையின் தொழிற்பாட்டை வேறொன்றில் நிகழ்த்துவது (இ) கோப்பைச் சுருக்குவது (ஈ) வைரசை அகற்றுவது

2. 8 பிற்றில் எழுதக்கூடிய மிகப்பெரிய நேர் முழு எண்
(அ) 128 (ஆ) 254 (இ) 255 (ஈ) 256

3. ரொம் கோப்பு இருக்க முடியாத விளையாட்டு
(அ) பொங் (ஆ) பக்மான் (இ) ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (ஈ) டொங்கி கொங்

4. பின்வருவனவற்றுள் சட்டபூர்வமானது
(அ) விற்பனையில் இல்லாத விளையாட்டை இலவசத் தளத்திற் பெறல் (ஆ) நண்பனின் பிரதியைப் பிரதி செய்தல் (இ) உரிமையாளர் அனுமதித்த ரொம் கோப்பை மேம் தளத்திற் பெறல் (ஈ) பதிவிறக்கி 24 மணி நேரத்தில் அழித்தல்

விடைகள்: 1 ஆ, 2 இ, 3 அ, 4 இ

பகுதி II: அமைப்புக் கட்டுரை

கவிதா தனது மடிக்கணினியில் மேம் எமியூலேற்றரை அதன் உத்தியோகபூர்வ தளத்திலிருந்து நிறுவினாள். பின்னர் வேறொரு தளத்திலிருந்து பக்மான் ரொம் கோப்பை இலவசமாகப் பெற்றாள்.
(அ) இங்குள்ள இரு படைப்புகளையும் குறிப்பிடுக.
(ஆ) எப்படைப்பு தொடர்பில் பதிப்புரிமை மீறப்பட்டிருக்கலாம்? காரணம் தருக.
(இ) செலவின்றி ஆர்கேட் விளையாட்டை விளையாட அவளுக்கு ஒரு சட்டபூர்வமான வழியைப் பரிந்துரைக்க.

விடைக் குறிப்பு:
(அ) மேம் எமியூலேற்றர், பக்மான் விளையாட்டுச் செய்நிரல்.
(ஆ) பக்மான் செய்நிரல். அதன் பதிப்புரிமைக் காலம் முடிவடையவில்லை. அத்தளம் அதனை உரிமையாளரின் அனுமதியுடன் வழங்கியதாகக் காட்டப்படவில்லை. மேம் திறந்த மூல மென்பொருளாதலால் அதில் மீறல் இல்லை.
(இ) ரொபி ரோட்டோ, கிரிட்லீ போன்று உரிமையாளர்கள் அனுமதித்த கோப்புகளை மேம் தளத்திலிருந்து பெறல்.

பகுதி III: கட்டுரை

“பழைய வீடியோ விளையாட்டுகளைப் பாதுகாப்பதில் பதிப்புரிமைச் சட்டம் உதவியாகவும் தடையாகவும் உள்ளது.” உதாரணங்களுடன் விளக்குக.

விடையெழுதும் முறை: முதலிற் பதிப்புரிமையை வரையறுக்க. உரிமையாளர் வருமானம் பெறுவதால் தொகுப்புகளும் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் போன்ற தொடர்களும் வெளிவருவதை உதவியாகக் காட்டுக. 87 சதவீத ஆய்வு முடிவு, மூடப்பட்ட கடைகள், 2024 ஒக்டோபர்த் தீர்மானம் ஆகியவற்றைத் தடைக்குச் சான்றாகக் காட்டுக. முடிவுரையில் உங்கள் கருத்தை ஒரு காரணத்துடன் தெளிவாக எழுதுக. ஆண்டுகளையும் பெயர்களையும் பிழையின்றிக் குறிப்பிடுக. நிச்சயமில்லாத ஆண்டை எழுதுவதிலும் எழுதாது விடுவதே மேல்.